ஃபயர்வாலுக்கு "ஏதாவது ஒரு லேன் கார்டு" போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய டெஸ்க்டாப்பை ஃபயர்வாலாக, அதாவது இணையத்துக்கும் அலுவலக நெட்வொர்க்குக்கும் நடுவில் நிற்கும் காவல் பெட்டியாக, மாற்றுவது பற்றி உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் வந்த கட்டுரை நன்றாகவே இருந்தது. ஆனால் ப்ராசஸர், ரேம், எஸ்எஸ்டி என்று பத்தி பத்தியாக எழுதிவிட்டு, நெட்வொர்க் கேபிள் செருகும் லேன் கார்டு என்று வந்ததும் ஏதாவது ஒன்று போதும் என ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். சின்ன அலுவலகங்களுக்கு நெட்வொர்க் போட்டுக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. அந்த ஒரு வரியை நம்பி நாலு பேர் கடைக்குப் போனால் அப்புறம் ஃபோன் வருவது எங்களுக்குத்தான்.

கட்டுரை சொல்லும் ஃபயர்வால் மென்பொருள்களான பிஎஃப்சென்ஸ், ஓபிஎன்சென்ஸ் இரண்டும் ஃப்ரீபிஎஸ்டி என்ற ஆபரேட்டிங் சிஸ்டம் மேல் ஓடுபவை. சாதாரண மதர்போர்டுகளில் பெரும்பாலும் இருப்பது ரியல்டெக் நிறுவனத்தின் லேன் சிப். அது விண்டோஸில் ஒரு குறையும் இல்லாமல் ஓடும், லினக்ஸ் அடிப்படையிலான ரவுட்டர் மென்பொருளான ஓபன்டபிள்யூஆர்டியிலும் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. ஃப்ரீபிஎஸ்டியோடு வரும் டிரைவரில் மட்டும் லோடு ஏறும்போது சில சிப்புகள் மக்கர் பண்ணும்: லாகில் "வாட்ச்டாக் டைம்அவுட்" (கார்டு பதில் தரவில்லை என்று பொருள்) என்று ஒரு வரி, போர்ட் விழும், சில நொடியில் தானே எழுந்துகொள்ளும். அக்கவுண்ட்ஸ் பக்கம் "நெட் போச்சு" என்று குரல் வரும், நாம் போய்ப் பார்த்தால் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். இதற்குள் பாதிப் பேர் இணைய நிறுவனத்தைத் திட்டி, கேபிளையும் மாற்றியிருப்பார்கள். ரியல்டெக்கின் சொந்த டிரைவர் தனி பேக்கேஜாகக் கிடைக்கிறது, கையில் இருப்பது அந்தச் சிப்தான் என்றால் முதலில் அதைப் போட்டுப் பாருங்கள், பல இடங்களில் அதோடு சரியாகிவிடும்.

புதிதாக வாங்குவதென்றால் நான் சொல்வது இன்டெல் ஐ210 அல்லது ஐ350 சிப் உள்ள கார்டு. அதற்காக இன்டெல் என்று பெயர் இருந்தாலே கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடக் கூடாது. 2.5 கிகாபிட் ஐ225-வி சிப்பின் ஆரம்பப் பதிப்புகளில் கோளாறு இருந்தது, பி3 பதிப்பில்தான் சரிசெய்தார்கள், அதற்கடுத்து வந்தது ஐ226-வி. ஆகவே கடையில் பிராண்டைக் கேட்காதீர்கள், சிப்பின் எண்ணைக் கேளுங்கள்.

இன்னொரு தலைவலி போலி கார்டு. நாலு போர்ட் ஐ350 புத்தம் புதிது, பாதி விலை என்று ஆன்லைனில் வந்தால் சந்தேகப்படுங்கள். போர்ட் கூட்டின் மேல் டெல்டா என்ற பெயர் பொறித்திருக்கிறதா என்று பார்ப்பது வழக்கம், ஆனால் ஸ்டிக்கர், ஹாலோகிராம் எல்லாவற்றையும் இப்போது நகலெடுத்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், டெல் அல்லது எச்பி சர்வரிலிருந்து கழற்றிய பழைய கார்டு அந்தப் புதியதைவிட எவ்வளவோ மேல். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் தேடினால் கிடைக்கும். வாங்கும்போது பின்னால் இருக்கும் தகடு முழு உயரமா, பாதி உயரமா என்று பார்த்து வாங்குங்கள், பாதித் தகட்டை சாதாரண கேபினெட்டில் திருகி நிறுத்த முடியாது. நாலு போர்ட் கார்டு மதர்போர்டின் சின்ன எக்ஸ்1 ஸ்லாட்டில் உட்காராது, கிராஃபிக்ஸ் கார்டுக்கான எக்ஸ்16 ஸ்லாட்டில் தாராளமாகப் போகும்.

யூஎஸ்பி லேன் அடாப்டர் லேப்டாப்புக்குச் சரி. இருபத்து நாலு மணி நேரமும் ஓடும் ஃபயர்வாலுக்கு வேண்டாம். ஸ்லாட்டே இல்லாத குட்டிப் பெட்டி என்றால், இருக்கும் ஒரே நல்ல போர்ட்டை மேனேஜ்டு சுவிட்சோடு (செட்டிங்ஸ் மாற்றக்கூடிய சுவிட்ச்) இணைத்து விலேனாக, அதாவது ஒரே கேபிளில் ஓடும் தனித்தனி நெட்வொர்க்குகளாக, பிரித்துக்கொள்ளலாம்.

கட்டுரையின் அடுத்த பகுதி வரும் என்று போட்டிருக்கிறீர்கள். அதில் பிபிபிஓஈ (யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்து இணையத்தில் இணையும் முறை) பற்றியும் எழுதச் சொல்லுங்கள். நம் ஊர் ஃபைபர் இணைப்புகளில் பல அதில்தான் வருகின்றன. அந்தப் போக்குவரத்தை ப்ராசஸரின் பல கோர்களுக்குப் பிரித்துக் கொடுக்க இந்த கார்டுகளால் முடியாது, உள்ளே வருவது முழுவதும் ஒரே வரிசையில் ஒரே கோரின் தலையில் விழும். எத்தனை கோர் என்பதைவிட ஒரு கோரின் வேகம் அங்கே முக்கியம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருப்பூர்