துவாய் தந்த அம்மாவுக்கும் மற்றவர்களுக்கும்

புயற்காற்று ஓய்ந்துவிட்டது. குளங்கள் இன்னும் வான் பாய்கின்றன. தங்கள் வீட்டுக்குள்ளேயே வெள்ளம் நின்ற நாளிலும் ஒரு பறவைக்காகத் தொலைபேசி எடுத்தவர்களுக்கு, பறவை பார்க்கிற எங்கள் எல்லோரின் நன்றி.

முதலில் ஒட்டுசுட்டான் அம்மா, உங்களுக்கு. வயல் வரம்பில் நீங்கள் கண்டது கருமுதுகு ஆலா. நடுக்கடலில் திரிகிற பறவை. காற்று அள்ளிக்கொண்டு வந்தால் ஒழிய வயல் பக்கம் அதற்கு வேலையில்லை. "கடல் பறவைதானே, குளத்தில விடுங்கோ" என்று நின்றவர்கள் எல்லாம் சொல்ல, "நனைஞ்சு நடுங்குது, இன்னும் நனைக்கிறதோ?" என்று கேட்டீர்களாம். அது பிழைத்தது அந்தக் கேள்வியால்தான். தாராவின் இறகுபோல இந்த ஆலாவின் இறகு தண்ணீரைத் தள்ளாது. தண்ணீரில் கிடந்தால் ஊறி, எழும்ப மாட்டாமல் தாண்டுபோகும். மீனைக்கூடப் பறந்தபடிதான் கொத்தும்.

துவாயால் தலையையும் மூடி, சிறகு இரண்டையும் உடம்போடு சேர்த்துத் தூக்கினீர்கள். நெஞ்சை இறுக்கவில்லை, நெஞ்செலும்பு அசைந்தால்தான் பறவைக்கு மூச்சு. துளை போட்ட பிஸ்கட் பெட்டி, அடியில் அதே துவாய், பூனை நுழையாத இருட்டறை. பேரன் கொண்டுவந்த சோற்றையும் தண்ணீரையும் தடுத்தது இன்னும் பெரிது. பறவைக்கு மூச்சுத்துளை நாக்குத் தொடங்குகிற இடத்திலேயே இருக்கிறது, வாயில் ஊற்றினால் நேரே நுரையீரலுக்குப் போகும். புயலுக்குத் தப்பிய பறவையை ஒரு கரண்டித் தண்ணீர் கொன்றுவிடும்.

பேரனுக்கும் ஒரு சபாஷ். பெட்டியை மூடமுன் அவர் எடுத்த படத்தில் நெற்றி வெள்ளை கண்ணோடு நின்றுவிட்டது. கண்ணைத் தாண்டிப் புருவம்போல ஓடியிருந்தால் அது வேறு ஆலா.

அலம்பில் கரையில், காற்றுக்கு முகம் காட்டி மணல்மேட்டில் பெட்டியைத் திறந்து வைத்தோம். மேலே எறியவில்லை, தெம்பில்லாத பறவை விழுந்து சிறகை முறித்துக்கொள்ளும். கொஞ்சநேரம் இருந்து பார்த்தது, பிறகு தானாகவே எழும்பிப் போனது.

கொக்கிளாயில் கூழைக்கடாவைப் பிடித்து இழுக்காமல், தங்கள் தங்கூசி (நைலோன்) வலையையே அறுத்துவிட்ட தம்பிமார், வங்காலையில் பறவையின் காலில் ஆய்வாளர்கள் பூட்டிய வளையத்தின் எழுத்துத் தெரியுமட்டும் பொறுத்திருந்து படமெடுத்த பிள்ளைகள், கூலி வாங்காத ஓட்டோ அண்ணா, நடுச்சாமத்திலும் மறுமொழி சொன்ன வனஜீவராசிகள் திணைக்கள உத்தியோகத்தர்: எல்லோருக்கும் நன்றி. கொண்டுவந்த எல்லாப் பறவையும் பிழைக்கவில்லை. அதில் உங்களில் ஒருவரின் பிழையும் இல்லை.

மார்கழி முடியுமட்டும் எங்கள் வாகனங்களில் வெறும் பெட்டியும் துவாயும் கிடக்கும். உங்கள் துவாயைத் தோய்த்து வைத்திருக்கிறோம், அம்மா. வீதி திறந்ததும் கொண்டுவருவோம். மீன்வாடை மட்டும் இரண்டு தோய்ச்சலுக்கும் போகவில்லை.