நண்டு வளை என்றே எழுதிக் கொடுத்துவிட்டேன், தம்பி

தம்பி,

நீ ஏன் பேசவில்லை என்று எனக்குத் தெரியும், நான் ஏன் பேசவில்லை என்று உனக்குத் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

போன வாரம் இ-சேவை மையத்தில் உட்கார்ந்து உணவுப் பாதுகாப்புப் பதிவுக்கு விண்ணப்பம் போட்டேன். நூறு ரூபாய் கட்டினேன். தொழிலின் பெயர் என்ன போடட்டும் என்று அங்கிருந்த பெண் கேட்டாள். வீட்டிலிருந்து யோசித்துக்கொண்டு போன பெயர் வேறு, பாப்பா பேரை வைத்து ஏதோ ஒன்று. ஆனால் வாயில் வந்தது 'நண்டு வளை'. அவள் அடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "நண்டு விக்கிறீங்களாக்கா?" இல்லம்மா, சாக்லேட் புட்டிங் என்றேன். அவள் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

ஆமாம். உன் புட்டிங்கைத்தான் விற்கிறேன், எட்டு மாதமாக. இந்நேரம் யாராவது உன்னிடம் சொல்லியிருப்பார்கள், பாம்பனில் ஒரு விஷயம் தோஹா போய்ச் சேர எவ்வளவு நேரமாகும். ஆனாலும் என் வாயால் சொல்லவில்லை என்பது உறுத்திக்கொண்டே இருக்கிறது. வாட்ஸ்அப்பில் எழுதி எழுதி அழித்தேன். இங்கே நாலு பேர் பார்க்கப் போட்டுவிட்டால் அழிக்க வெட்கமாக இருக்கும், அதனால்தான் இங்கே. மாமா இதை வாசிப்பார். மச்சானும் வாசிப்பார். பெரியம்மா வீட்டில் யாராவது சத்தமாகவே வாசித்துக் காட்டுவார்கள். அங்கங்கே நான் பூசி மெழுகினால் ஏன் என்று உனக்குப் புரியும்.

2019 மீன்பிடித் தடைக்காலம் அது. 61 நாளில் பாதி கழிந்திருந்தது, எல்லா வீட்டிலும் டப்பா காலியாகிற நேரம். அந்த ராத்திரி கரண்ட் போய்ப் போய் வந்தது. நீ நடு வீட்டில் செய்தித்தாளை விரித்து ஒன்பது கண்ணாடி டம்ளர்களை வரிசையாக வைத்திருந்தாய், டீக்கடை டம்ளர். அடியில் கறுப்பு பிஸ்கட் பொடி, அதன் மேல் சாக்லேட், அதன் மேல் வெள்ளையாக ஒரு பட்டை, மறுபடி சாக்லேட், எல்லாவற்றுக்கும் மேலே மாரி பிஸ்கட்டைப் பொடித்த மணல். அமெரிக்காவில் இதைப் பிள்ளைகளுக்கு மண் புட்டிங் என்று செய்வார்கள், ஓரியோவைப் பொடித்துப் போட்டு நடுவில் ஜெல்லிப் புழுவை நெளியவிடுவார்கள், நம் ஊரில் புழு எதற்கு, நண்டுதான் சரி என்று சொல்லிக்கொண்டே புது விளக்குமாற்று ஈர்க்கு ஒன்றை உருவி மணலில் சாய்வாகக் குத்தினாய். வளை. அதன் வாயில் பாதி செர்ரி, நண்டு எட்டிப்பார்க்கிற மாதிரி. அதோடு விட்டாயா? அந்த வளையைச் சுற்றிக் கடுகளவு உருண்டைகளை ஒவ்வொன்றாக அடுக்க ஆரம்பித்தாய். தண்ணீர் வற்றின கரையில் நண்டு உருட்டிப் போட்டிருக்குமே, அதே மாதிரி, வளையிலிருந்து கோடு கோடாகப் பிரிந்து போகிற மாதிரி. ஒரு டம்ளருக்கு முப்பது உருண்டையாவது இருக்கும். கரண்ட் போனபோது போன் வெளிச்சத்தை வாயில் கவ்விக்கொண்டு அடுக்கினாய். எச்சில் ஒழுகி டம்ளரில் விழுமோ என்று அம்மா உன் தாடைக்குக் கீழே முந்தானையை ஏந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

நாங்கள் சாப்பிட்டோம். மாமா ரெண்டு டம்ளர். அப்புறம்தான் நீ கடை விஷயத்தை எடுத்தாய், பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சின்ன இடம், ஒரு ஃப்ரிட்ஜ், மாமா பாதி, மிச்சத்துக்கு... என்னைப் பார்த்துச் சிரித்தாய். "நண்டு வளைக்கு ரெண்டு வளை குடுக்கா."

நான் சொன்னது உனக்கு மறந்திருக்காது. இங்கே வாசிக்கிறவர்களுக்குத் தெரியட்டும் என்று எழுதுகிறேன். "மண்ணைத் திங்கவாடா காசு குடுப்பான்?"

எல்லாரும் சிரித்தார்கள். மாமாதான் அதிகம், கையில் கரண்டியை வைத்துக்கொண்டே. மறுநாளிலிருந்து அது 'மண்ணுப் புட்டு' ஆகிவிட்டது. கடைத்தெருவில் உன்னைப் பார்க்கிறவன் எல்லாம் மண்ணுப் புட்டு எப்போப்பா என்றான். மாமா பாதியைப் பற்றி அதற்கப்புறம் பேசவே இல்லை, விளையாட்டாக ஆரம்பித்தது விளையாட்டாகவே முடிந்துபோனது. (மாமா, நீங்கள் வாசிப்பதாக இருந்தால், இது உங்கள் மேல் குற்றம் சொல்வது இல்லை. வாயைத் திறந்தது நான்.)

தம்பி, அது நன்றாக இருந்தது. நன்றாக இருந்ததால்தான் அப்படிச் சொன்னேன். நன்றாக இல்லாமல் இருந்திருந்தால் பரவாயில்லடா, இன்னும் கொஞ்சம் பழகு என்று அன்பாகச் சொல்லித் தட்டிக்கொடுத்திருப்பேன். வாயில் வைத்த உடனே தெரிந்துவிட்டது, இது விற்கும், இவன் கேட்பான், கேட்டால் என்னால் இல்லையென்று சொல்ல முடியாது. கையில் இருந்தது அந்த நாலு வளையல். பாப்பா அப்போது பத்தாவது. மச்சான் கடலுக்குப் போகாத நாட்கள். வேறு என்ன செய்யச் சொல்கிறாய்? நகையை வைக்க மாட்டேன் என்று நேராகச் சொல்லியிருக்கலாம்தான். நேராகச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை, கேலி வந்தது.

அந்த வளையல்கள் அப்புறம் எங்கே போயின என்று இங்கே எழுத மாட்டேன். படிப்புக்குப் போகவில்லை. அவ்வளவுதான்.

சரி, புட்டிங்குக்கு வருகிறேன். நீ சண்டை போடுவாய் என்று தெரியும், இருந்தாலும் மாற்றிவிட்டேன்.

முதலில் உன் ஜெலட்டினைத் தூக்கி எறிந்தேன். அது எலும்பிலும் தோலிலும் எடுப்பது, வெள்ளிக்கிழமை சைவம் சாப்பிடுகிற வீட்டுக்கு எப்படிக் கொடுப்பேன், கீழக்கரைக்கு எப்படி அனுப்புவேன்? அதோடு நம் ஊர் வெயிலில் அது நிற்காது. உன் ஓட்டலில் ஏசி இருக்கும், நீ மினுக்க மினுக்கக் கவிழ்த்துவிட்டுப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போடுவாய். இங்கே ஃப்ரிட்ஜை விட்டு எடுத்துப் பத்து நிமிடத்தில் ஓரம் கசிந்து, அரை மணி நேரத்தில் பாயாசம். முதல் ஆர்டரே அப்படித்தான் போனது, பிறந்தநாள் வீடு, ஸ்ட்ரா போட்டுக் குடித்தார்கள். காசு வாங்காமல் வந்தேன்.

கடல்பாசிக்கு மாறிய யோசனை கீழக்கரையில் பாப்பாவோடு படிக்கிற பெண்ணின் அம்மாவுடையது. அவர்கள் நோன்பு திறக்கக் கடல்பாசி காய்ச்சுவார்களே. ஜெலட்டின் உறைய ஃப்ரிட்ஜ் வேண்டும், உறைந்தாலும் நம் வெயிலுக்கு உருகிவிடும். கடல்பாசி அப்படி இல்லை. 40 டிகிரிக்குக் கீழே இறங்கினாலே தானாக இறுகும், திரும்ப உருக 85 டிகிரியாவது வேண்டும். சித்திரை வெயிலில் பைக்கில் வைத்து ராமேஸ்வரம் கொண்டுபோனாலும் அசையாது. அரை லிட்டர் பாலுக்கு மூணு கிராம் போதும், கூடினால் அழிரப்பர். அதைத் தண்ணீரில் தனியாகக் கொதிக்கவிட்டுக் கடைசி நார் வரை கரைந்த பிறகுதான் பாலில் சேர்க்கிறேன். கொக்கோவும் சோளமாவும் குளிர்ந்த பாலிலேயே கட்டியில்லாமல் கரைத்துக்கொள்ள வேண்டும், அடுப்பில் ஏற்றினால் குமிழ் வந்த பிறகும் ரெண்டு நிமிடம் கிண்ட வேண்டும், இல்லையென்றால் பச்சை மாவு வாடை போகாது. இதெல்லாம் நீ சொன்னதுதான், நான் கவனிக்காத மாதிரி இருந்தாலும் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன்.

அடுக்குதான் என்னை அழ வைத்தது. முதல் அடுக்கு நன்றாக ஆறட்டும் என்று விட்டால் அடுத்தது அதோடு ஒட்டுவதில்லை, கரண்டி வைத்ததும் தகடு தகடாக வழுக்கிக்கொண்டு போகிறது. அவசரப்பட்டால் ரெண்டும் கலந்துவிடுகிறது. விரலால் தொட்டால் ஆடைபோல் இருக்க வேண்டும், ஆனால் விரலில் கொஞ்சம் ஒட்டவும் வேண்டும், அந்த நேரத்தில் ஊற்ற வேண்டும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரமும் பதினாலு லிட்டர் பாலும் ஆயிற்று. உன்னிடம் கேட்டிருந்தால் ஒரு நிமிடம்.

அப்புறம் அடியில் கறுப்பு பிஸ்கட் இல்லை. சாயல்குடிக் கருப்பட்டியைக் காய்ச்சி, வடிகட்டி, கடல்பாசியில் கண்ணாடி மாதிரி ஒரு அடுக்கு. ஈரமணல் நிறம். கருப்பட்டியை வடிகட்டும்போது துணியில் நிஜமாகவே மண் நிற்கிறது, அதைப் பார்க்கிறபோதெல்லாம் என் வாய் எனக்கு ஞாபகம் வருகிறது. வெள்ளைப் பட்டைக்கு உன் க்ரீம் இல்லை, தேங்காய்ப்பால். நுரை மாதிரி இருக்கிறது, விலையும் கட்டுப்படியாகிறது. நீ முகம் சுளிப்பாய். சுளித்துக்கொள், மாற்றப் போவதில்லை.

மேல் மணல் மட்டும் அப்படியே மாரி பிஸ்கட். ரொம்பப் பொடித்தால் கோதுமை மாவு, கொஞ்சம் நறநறப்பாக இருக்க வேண்டும், வெறும் சட்டியில் லேசாகச் சூடு காட்டிக்கொள்கிறேன். நம் உப்புக்காற்றில் காலையில் பிரித்த பிஸ்கட் மத்தியானம் தொங்கிவிடுகிறது. அதனால் மணலைத் தனிப் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்துவிடுகிறேன், கூடவே ஒரு துண்டு ஈர்க்கு. பிள்ளைகளே கொட்டி, பிள்ளைகளே வளை போட்டுக்கொள்கிறார்கள். இந்தப் பெருநாளைக்குக் கீழக்கரைக்கு மட்டும் எண்பது கப் போனது. எண்பது! நீ இருந்திருந்தால்...

நீ இருந்திருந்தால் என்று சொல்லத்தான் வருகிறது, ஆனால் நீ இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். என் ஒரு வார்த்தைக்காக நீ ஊரை விட்டுப் போனாய் என்று எல்லாரும் பேசுகிறார்கள், நானும் ஆறு வருடமாக அப்படியே நம்பி அழுதுகொண்டிருந்தேன். ஒரு வார்த்தைக்காகவா போவார்கள்? அம்மாவுக்கு முட்டி போனபோது, ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் நான் பெஞ்சில் படுத்துக்கிடந்தபோது, நீ பணம் அனுப்பினாய். சரியான நேரத்துக்கு அனுப்பினாய், குறை சொல்ல மாட்டேன். ஆனால் போன் வரவில்லை. அம்மா ஒவ்வொரு தடவை போன் அடிக்கும்போதும் தலையைத் தூக்கிப் பார்த்தது. அதே வாரம் உன் ஸ்டேட்டஸில் தங்கத்தாள் ஒட்டின ஒரு கேக். அதைப் பார்த்துவிட்டு உன் நம்பரை நான் மியூட் பண்ணினேன். இது உனக்குத் தெரியாது என்று நினைக்கிறேன்.

அம்மாவுக்கு முதல் கடல்பாசி கப்பைக் கொடுத்தபோது நடந்ததைச் சொல்ல வேண்டும். ஒரு கரண்டி வாயில் போட்டு நாக்கால் அழுத்திப் பார்த்தது. இது என்னதுடி, கட்டியா நிக்குது என்றது. கடல்பாசிம்மா, நீ பறிச்சியே மரிக்கொழுந்துப் பாசி, அது மதுரைப் பக்கம் கம்பெனிக்குப் போய் இப்படித்தான் வருது என்றேன். அம்மாவுக்குத் தெரியாது, தம்பி. தீவுக்கு வல்லத்தில் போய், விரலுக்குத் துணி சுற்றிக்கொண்டு, கடலடிப் பாறையில் கையைக் கிழித்துக்கொண்டு முப்பது வருடம் பறித்தது, எடை போட்டுக் கொடுத்ததோடு சரி. என்ன ஆகும் என்று யாரும் சொல்லவில்லை, அதுவும் கேட்கவில்லை. கப்பைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தது. "இதுக்கா முங்குனேன்" என்றது. கோபமா, சிரிப்பா என்று எனக்குப் பிடிபடவில்லை. மிச்சத்தை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, அவன் போட்ட மாதிரி உருண்டை இல்லையே என்றது.

அதுதான் விஷயம். உருண்டை எனக்கு வரவில்லை. பால் தொட்டு உருட்டினால் கறுத்துக் களியாகிறது. நெய் தொட்டால் லட்டு மாதிரி மினுங்குகிறது, மணலாகத் தெரியவில்லை. தண்ணீர் தொட்டால் காய்ந்ததும் உதிர்ந்துவிடுகிறது. தேன், கன்டென்ஸ்டு மில்க், எல்லாம் பார்த்தாயிற்று. நீ உருட்டினது விடியும்வரை அப்படியே இருந்தது. எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஒரு டம்ளர் மிச்சம் இருந்தது, காலையில் யாருக்கும் தெரியாமல் நான்தான் சாப்பிட்டேன்.

எதைத் தொட்டு உருட்டினாய்? அதை மட்டும் சொல்லு. எழுத வேண்டாம் என்றால் வாய்ஸ் போடு. மியூட்டை எடுத்துவிட்டேன்.

அக்கா