புரட்டாசி முடிவதற்குள் தாய்மார்களுக்கு மூச்செண்ணக் கற்றுத் தாருங்கள்

மதிப்பிற்குரிய மதுரை மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

உசிலம்பட்டிக்கு அருகே ஒரு சிற்றூரில் வசிப்பவள் நான். சென்ற ஐப்பசியில், மூன்று மாதமே ஆன என் பேத்திக்கு மூக்கொழுகலாகத் தொடங்கியது நான்காம் நாள் மூச்சிரைப்பாக மாறியது. மாந்தமாக இருக்கும் என்று உரைமருந்து கொடுத்தோம். கடையில் கேட்டு ஆன்டிபயாடிக் சிரப்பும் வாங்கினோம். பால் குடிக்க வாய் வைத்தவள் இரண்டு மடக்கிலேயே விட்டுவிட்டு அழுததும், ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவின் கீழ் குழி விழுந்ததும் எங்கள் கண்ணெதிரேதான் நடந்தன; அவை ஆபத்தின் அடையாளங்கள் என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. மூன்று நாள் ஆக்சிஜனில் இருந்து பிழைத்து வந்தாள்.

ஆர்.எஸ்.வி. என்னும் வைரஸ்தான் காரணம் என்று மருத்துவர் சொன்னார். இரண்டு வயதுக்குள் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளையும் தொட்டுவிடும் இத்தொற்று பெரும்பாலோருக்குச் சாதாரணச் சளியாகவே கழிந்துவிடும். ஆனால் பச்சிளங்குழந்தைகளுக்கும் குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கும் நுரையீரலின் நுண்குழாய்கள் வீங்கிச் சளியால் அடைபடக்கூடும். வைரஸ் என்பதால் ஆன்டிபயாடிக் இதைக் குணமாக்காது. 2019-இல் உலகெங்கும் ஐந்து வயதுக்குட்பட்ட சுமார் ஒரு லட்சம் குழந்தைகள் இதனால் இறந்தார்கள் என்றும், அவர்களில் பாதிக்குச் சற்றே குறைவானவர்கள் ஆறு மாதம்கூட நிறையாதவர்கள் என்றும் ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள்.

சில நாடுகளில் கர்ப்பிணிகளுக்கு இதற்கான தடுப்பூசி 2023 முதல் போடப்படுகிறது. அதைக் கொண்டுவருவது மாவட்ட நிர்வாகத்தின் கையில் இல்லை என்பதை அறிவேன். நான் முதலில் கேட்பது செலவில்லாத ஒன்று. புதன்கிழமைத் தடுப்பூசி முகாமுக்கு வரும் ஒவ்வொரு தாய்க்கும், குழந்தை அமைதியாக இருக்கும்போது வயிற்றின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்து ஒரு நிமிடம் முழுவதும் மூச்சை எண்ணக் கிராம சுகாதார செவிலியர் கற்றுத் தர வேண்டும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, ஒரு வயது வரை 50, அதற்கு மேல் ஐந்து வயது வரை 40 என்ற எண்ணிக்கையைத் தொட்டாலோ தாண்டினாலோ, நெஞ்சு உள்வாங்கினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, விடியட்டும் என்று காத்திராமல் 108-ஐ அழைக்கச் சொல்ல வேண்டும். இந்த எண்களைப் பெரிய எழுத்தில் அங்கன்வாடிச் சுவர்களில் எழுதிவைத்தால் என்னைப் போன்ற பாட்டிமார்களும் படித்துக்கொள்வோம்.

துணை சுகாதார நிலையங்களில், கைக்குழந்தையின் பிஞ்சுக் காலில் பொருத்தி ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் கருவி ஒன்றும் இருக்கும்படி செய்யுங்கள். உசிலம்பட்டி, பேரையூர் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு வந்து சேர ஆகும் நேரத்தை எண்ணிப் பார்த்து, ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன்பே இவற்றுக்கு உத்தரவிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு பாட்டி