ஜே.கே. எடுத்த சினிமா

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. பாப்பாவின் நாவலைப் படித்துவிட்டு ஒரு இயக்குநர் அவளைக் கதை விவாதத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார் என்று எழுதியிருந்தாய், ரொம்ப சந்தோஷம். எழுதுகிற பிள்ளை சினிமாவுக்குப் போனால் எழுத்து போய்விடுமே என்று நீ கவலைப்படுவதும் புரிகிறது. இங்கே எல்லோரும் நலம். மூட்டு வலிதான் படுத்துகிறது, அதனால் வெளியே போவது குறைந்து படிப்பது கூடியிருக்கிறது. கொஞ்ச நாளாக மறுபடியும் எழுத்தாளர் ஜெயகாந்தனைத்தான், நம் ஜே.கே.யைத்தான் எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறேன். உனக்குப் பதிலும் அவரை வைத்தே சொல்லலாம் என்று தோன்றியது.

1934-ல் கடலூர் மஞ்சக்குப்பத்தில் பிறந்தது, அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டது, சென்னையில் கம்யூனிஸ்ட் கட்சி ஆபீசில் வளர்ந்தது, ஜனசக்தி அச்சகத்தில் வேலை பார்த்தது, இதெல்லாம் நீயே எனக்குச் சொன்ன கதைகள்தான். நான் சொல்ல வருவது முப்பது வயது ஜே.கே.யை. விகடனில் கதை வந்தால் வீட்டில் யார் முதலில் படிப்பது என்று போட்டி நடந்த காலம் அது. அந்தப் பெயரை வைத்து ஏதாவது பெரிய கம்பெனிக்கு வசனம் எழுதிக்கொண்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆனால் 'உன்னைப்போல் ஒருவன்' நாவலைத் தானே படமாக எடுத்தார், இயக்கமும் அவர்தான். சேரியில் வாழும் தங்கம், அவள் மகன் சிட்டி, அவளோடு வந்து சேரும் கிளி ஜோசியக்காரன், அவன் மேல் அந்தப் பையனுக்கு வருகிற வெறுப்பு, அவ்வளவுதான் கதை. பெரிய நட்சத்திரம் யாரும் கிடையாது, இசை வீணை சிட்டிபாபு. 1964-ஆம் வருஷத்துக்கான தேசிய விருதில் முதல் இடம் சத்யஜித் ராயின் 'சாருலதா'வுக்கு, மூன்றாவது சிறந்த படம் என்ற சான்றிதழ் இதற்கு. கேமராவைப் பற்றி யாரிடமும் பாடம் கேட்காத ஒரு எழுத்தாளர் முதல் படத்திலேயே அந்த வரிசையில் போய் உட்கார்ந்தார் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பெருமையாக இருக்கிறது. படம் ஓடவில்லை, அது வேறு விஷயம்.

அடுத்து 1966-ல் 'யாருக்காக அழுதான்'. செய்யாத திருட்டுக்கு அடி வாங்கியும் வாய் திறக்காத ஜோசப்பாக நடிக்க அவர் கூப்பிட்டது நாகேஷை! தமிழ்நாடே நாகேஷைப் பார்த்தவுடன் சிரித்துக்கொண்டிருந்த நேரத்தில், அந்த முகத்துக்குள் ஒரு அழுகை இருப்பது இவர் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. நடிகரைத் தேர்ந்தெடுப்பதிலேயே பாதி இயக்கம் முடிந்துவிடும் என்பார்களே, அதற்கு நான் எப்போதும் சொல்கிற உதாரணம் இதுதான்.

ஆனாலும் என் அபிப்பிராயத்தில் ஜே.கே.யின் ஆகச் சிறந்த சினிமா அவர் இயக்காத படம். 'அக்கினிப் பிரவேசம்' கதை உனக்கு மறந்திருக்காது. மழையில் பஸ்ஸுக்கு நிற்கும் கல்லூரிப் பெண், அவளைப் பெரிய காரில் ஏற்றிக்கொண்டு போய்க் கெடுத்துவிடுகிற ஒருவன், அப்புறம் வாயில் அவன் கொடுத்த சூயிங்கத்தோடு வீட்டுக்கு வந்து அம்மாவிடம் நடந்ததைச் சொல்லி அழுவாள். அம்மா முதலில் அடிக்கிறாள், பிறகு தலையில் குடம் குடமாய்த் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று சொல்லிவிடுகிறாள். இந்த முடிவுக்கு வாசகர்கள் மத்தியில் கிளம்பிய எதிர்ப்பு கொஞ்சநஞ்சமில்லை. அந்த அம்மா அப்படிச் செய்யாமல் ஊர் கேட்கக் கூச்சல் போட்டிருந்தால் அந்தப் பெண்ணின் கதி என்ன என்று நினைத்துப் பார்த்து எழுதியதுதான் 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. 1972-ல் சாகித்திய அகாதெமி பரிசும் வந்தது. அந்த நாவலுக்கு அவரே திரைக்கதையும் வசனமும் எழுதி, இயக்கத்தை பீம்சிங்கிடம் கொடுத்தார். 'பாசமலர்' எடுத்து ஊரையே அழ வைத்த அதே பீம்சிங்! படம் 1977-ல் வந்தது. கதாநாயகி கங்காவாக லட்சுமி நடித்துத் தேசிய விருது வாங்கினார். அந்தப் படத்தில் கங்கா சும்மா உட்கார்ந்திருக்கும் இடங்களைக் கவனித்துப் பார். நாவலில் பக்கம் பக்கமாக ஓடுகிற அவள் மனசைச் சொல்ல லட்சுமியின் முகமே போதும் என்று திரைக்கதை எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது. பேச்சில் எவரையும் மடக்கிவிடுகிற ஜே.கே. சில இடங்களில் பேச்சையே விட்டுக்கொடுத்திருக்கிறார். தானே இரண்டு படம் எடுத்துப் பட்டபாடு இல்லாமல் அது வந்திருக்காது என்பது என் கட்சி. மறு வருஷம் அதே கூட்டணியில் 'ஒரு நடிகை நாடகம் பார்க்கிறாள்' வந்தது, அந்த வருஷமே பீம்சிங்கும் போய்விட்டார். அவர் இருந்திருந்தால் இந்த ஜோடி இன்னும் நாலு படம் கொடுத்திருக்கும் என்று எனக்கு ஒரு ஏக்கம் உண்டு.

பாப்பாவிடம் ஒன்று சொல். ஜே.கே. சினிமாவுக்குப் போனதால் அவர் எழுத்து கெடவில்லை. பெரிய பெரிய நாவல்களெல்லாம் படம் எடுத்ததற்குப் பிறகு எழுதியவைதான். கோடம்பாக்கத்தில் கால் வைத்த மனிதர்தான் 1972-ல் 'சினிமாவுக்குப் போன சித்தாளு'வையும் எழுதினார், திரையில் தெரியும் கதாநாயகன் ஒரு ஏழைப் பெண்ணின் வாழ்க்கையை என்ன செய்கிறான் என்று பச்சையாக. உள்ளே போய்ப் பார்த்தவருக்குத்தான் அந்தத் துணிச்சல் வரும். ஆனால் அவர் போனது தன் கதையோடு, தான் சொன்னபடி. நம் பிள்ளை விவாதத்துக்குப் போகட்டும், தாராளமாக. அங்கே சொல்லும் கதை யார் பெயரில் வரும், எவ்வளவு தருவார்கள் என்பதை முதல் நாளே எழுத்தில் வாங்கிக்கொள்ளச் சொல். கூச்சப்பட்டுக்கொண்டு நின்றால் ஆறு மாதம் கழித்துப் பெயரும் இருக்காது, காசும் இருக்காது. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் 'ஓர் இலக்கியவாதியின் கலையுலக அனுபவங்கள்' படித்துவிடட்டும், சினிமாவில் தான் பட்டதையெல்லாம் ஜே.கே. அதில் எழுதி வைத்திருக்கிறார். என்னிடம் ஒரு பிரதி இருக்கிறது, நாளைக்கே கூரியரில் அனுப்புகிறேன். திரும்ப வரவேண்டும், சொல்லிவிட்டேன்.

பீம்சிங்கின் மகன் எடிட்டர் லெனின் இயக்கிய 'ஊருக்கு நூறு பேர்' பார்த்திருக்கிறாயா? அதுவும் ஜே.கே. கதைதான், 2001-க்கான சிறந்த இயக்குநர் தேசிய விருது வாங்கிய படம். அப்பா விட்ட இடத்திலிருந்து மகன் எடுத்திருக்கிறார். பார்த்திருந்தால் எப்படி இருந்தது என்று எழுது. தங்கச்சியையும் பாப்பாவையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் மாப்ளே