ஆலங்குடாவில் படகேறப்போகும் மருமகளுக்கு

அன்புள்ள மருமகளுக்கு,

டிசம்பர் விடுமுறைக்குப் பிள்ளைகளோடு வருவதாகவும், கற்பிட்டிக்குப் போய் டொல்பின் பார்ப்பதென்று முடிவு செய்துவிட்டதாகவும் எழுதியிருந்தாய். கூடவே ஒரு கேள்வி: “மாமா, கட்டாயம் காட்டுவார்களா? காட்டாவிட்டால் காசைத் திருப்பித் தருவார்களா?” வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களும் கொழும்பிலிருந்து போகிறவர்களும் இதையே என்னிடம் மாறி மாறிக் கேட்கிறார்கள். அதனால் உனக்கான பதிலை எல்லோரும் வாசிக்கும்படி இங்கேயே எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

காசு விடயத்தை முதலில் முடித்துவிடுவோம். திருப்பித் தரக் கூடாது என்பதுதான் என் கட்சி. டொல்பின் தென்பட்டாலும் தென்படாவிட்டாலும் படகுக்கு எரியும் எண்ணெய் ஒன்றுதான். “காட்டினால்தான் காசு” என்று நீ நின்றால் படகோட்டி என்ன செய்வார்? எங்காவது ஒரு முதுகுத்துடுப்பு தெரிந்தவுடன் எஞ்சினை முறுக்கிக்கொண்டு அதன் தலைமேலேயே போய் நிற்பார். கற்பிட்டிக் கடலில் டொல்பின்களைத் துரத்துகிறார்கள் என்று படகோட்டிகளை ஏசுகிறவர்கள், அந்தப் படகுக்குள் எழுந்து நின்று “இன்னும் கிட்டப் போங்கள்” என்று கத்தியது யார் என்பதைச் சொல்வதில்லை.

நீ வரும் மாதம் நல்ல மாதம். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை மேற்குக் கடல் அடங்கிக் கிடக்கும். மே மாதமளவில் சோளகம் என்ற தென்மேற்குக் காற்று எழுந்துவிட்டால் சின்னப் படகுகளில் சுற்றுலாப் பயணிகளை ஏற்ற மாட்டார்கள். கொழும்பிலிருந்து புத்தளம் வீதியில் வந்து, புத்தளத்துக்குச் சற்று முன்னால் பாலாவிச் சந்தியில் இடப்பக்கம் திரும்ப வேண்டும். நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி கண்ணில் பட்டால் வழி சரி. முதல் நாளே போய், படகேறும் இடமான ஆலங்குடாப் பக்கம் தங்கிவிடுங்கள். விடிந்த கையோடு படகேற வேண்டும். வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும், அலையும் ஏறும்.

கற்பிட்டி ஒரு நீண்ட தீபகற்பம். ஒரு பக்கம் புத்தளம் களப்பு, மறுபக்கம் பெருங்கடல். களப்பிலும் டொல்பின்கள் உண்டு. முதுகில் திமில்போல மேடுள்ள இனம், இரண்டு மூன்றாகத் திரியும், குதித்து வேடிக்கை காட்டாது. அவற்றைக் காட்டச் சொல்லி யாரும் படகு கேட்பதில்லை. எனக்கென்னவோ அவைமேல்தான் பிரியம் அதிகம். அது கிடக்கட்டும்.

நீ பார்க்கப் போவது வெளிக்கடலில் திரியும் சுழல் டொல்பின். ஆறேழு அடி நீளம், நீண்டு மெலிந்த அலகு, முதுகு கருஞ்சாம்பல், விலா வெளிர்சாம்பல், வயிறு வெள்ளை. இந்தக் கரையோரம் நூற்றுக்கணக்கில் சேர்ந்து திரியும். சில காலைகளில் ஆயிரத்தைத் தாண்டும் கூட்டமும் வரும். கரை மறைந்து கொஞ்ச நேரத்தில், கடலின் ஒரு துண்டு மட்டும் உலை கொதிப்பதுபோலத் தெரியும். சுற்றிலும் நீர் அமைதியாகக் கிடக்க, அந்த ஓரிடத்தில் மட்டும் வெள்ளை வெள்ளையாகப் பொங்கும். கிட்ட வரும்போதுதான் அத்தனையும் முதுகுகள் என்று புரியும். இடமும் வலமும் பார்த்தால் கூட்டத்தின் விளிம்பு பிடிபடாது. எண்ணத் தொடங்குவார்கள் உன் பிள்ளைகள். எண்ண விடு, எப்படியும் கைவிட்டுவிடுவார்கள். எஞ்சினை நிறுத்தினால் மூச்சு விடும் ஓசை கேட்கும். நூறு மூக்குத் துளைகள் முன்பின்னாகத் திறந்து மூடும் ஓசை அது. சில வேளை அவற்றின் சீழ்க்கையொலி படகின் அடிப்பலகை வழியாகவும் ஏறிவரும். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால் இரண்டுமே கிடையாது. கரைக்கு வந்து “நிறையப் பார்த்தோம்” என்று சொல்லும் பலர் எதையுமே கேட்கவில்லை.

சுழற்சியைப் பற்றிச் சின்னவன் கட்டாயம் கேட்பான். தண்ணீருக்குள்ளேயே உடலை முறுக்கத் தொடங்கி, எழும்பி, அந்தரத்தில் ஏழு சுற்றுவரை சுற்றிவிட்டுப் பக்கவாட்டில் அறைந்து விழும். உடலில் ஒட்டிக்கொள்ளும் உறிஞ்சுமீன்களை உதறவே இப்படிச் செய்கிறது என்பார்கள் சிலர். விழும் ஓசையும் நீருக்குள் எழும் குமிழித் திரளும் தூரத்தில் நிற்கும் மற்றவற்றுக்கு “நான் இங்கே இருக்கிறேன்” என்று தெரிவிக்கத்தான் என்பார்கள் வேறு சிலர். இவ்வளவு பெரிய கூட்டம் இவ்வளவு பரந்த நீரில் சிதறாமல் போவதைப் பார்த்தவனுக்கு இரண்டாவது விளக்கம்தான் பொருத்தமாகப் படும். உன்னை மகிழ்விக்கச் சுற்றுகிறது என்று மட்டும் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்துவிடாதே.

இனி நான் சொல்லவந்த விடயம். இந்த இனம் இரவில்தான் வேட்டையாடும். பகலில் ஆழத்தில் கிடக்கும் சிறு மீன்களும் கணவாயும் இறாலும் இருட்டியதும் மேல்நோக்கி எழும்பும்; இவை இறங்கிப் போய் அவற்றைப் பிடிக்கும். ஹவாய்க் கடலில் ஒலிக்கருவி வைத்து ஆராய்ந்தவர்கள், 16 முதல் 28 டொல்பின்கள் இணை இணையாக அணிவகுத்து, வட்டமிட்டு, இரையை நடுவில் நெருக்கிவிட்டு, பிறகு முறைவைத்து உள்ளே புகுந்து தின்பதைக் கண்டார்கள். அதே ஹவாயில் கென்னத் நோரிஸ் என்ற ஆய்வாளர் இவற்றின் பகல்பொழுதைப் பல ஆண்டுகள் கவனித்தார். காலையில் கரையோரக் குடாக்களுக்கு வந்து, நெருக்கமாகச் சேர்ந்து, துள்ளல் ஓய்ந்து, ஒலியெழுப்புவதையும் குறைத்துக்கொண்டு மெல்ல நீந்தும். அதுதான் அவற்றின் தூக்கம். மூளையின் ஒரு பாதி மாறி ஒரு பாதிதான் உறங்கும். பிற்பகலில் விழிக்கும்போது வேகமெடுப்பதும் அடங்குவதுமாகக் கோணல்மாணலாக நீந்திக்கொண்டிருக்கும். கூட்டம் முழுவதும் ஒரே மனதாக எழுந்த பிறகே கடலுக்குப் புறப்படும்.

ஆக, நீ காலை ஏழு மணிக்குச் சந்திக்கும் கூட்டம் இரவெல்லாம் உழைத்துவிட்டு ஓய்வை நோக்கிப் போகும் கூட்டமாக இருக்கலாம். அதில் தாயோடு ஒட்டி நீந்தும் குட்டிகளும் இருக்கும். அதன் நடுவே ஐந்தாறு படகுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடினால் என்ன ஆகும்? அன்றிரவு வேட்டைக்கு இருக்க வேண்டிய தெம்பு ஓடித் தப்புவதில் கரைந்துபோகும். ஹவாயில் இதே இனத்துக்காக 2021 இல் சட்டமே போட்டார்கள்: கரையிலிருந்து இரண்டு கடல்மைலுக்குள் இவற்றின் அருகே 50 யார் தூரத்துக்குள் போகவும் கூடாது, கூட நீந்தவும் கூடாது. இலங்கையிலும் கடற்பாலூட்டிகளைப் பார்வையிடுவதற்கு 2012 இல் விதிகள் வந்தன. ஆனால் நடுக்கடலில் விதியை நினைவூட்ட ஆள் இல்லை. அந்த வேலையை நீ செய்ய வேண்டியிருக்கும்.

அதைக் கடலில் வைத்துச் செய்யாதே, கரையிலேயே செய். கற்பிட்டியில் தமிழே போதும். படகேறும் முன் படகோட்டியிடம் சொல்: “அண்ணன், கூட்டத்துக்குள் விட வேண்டாம். பக்கவாட்டில் ஒரே வேகத்தில் கூடவே போனால் போதும். முன்னால் போய் மறிக்க வேண்டாம். வேறு படகுகள் சூழ்ந்திருந்தால் நாங்கள் தள்ளியே நிற்கிறோம்.” கிட்டப் போகாததற்கு மேலதிகமாகக் காசு தருவேன் என்றும் சொல்லிவிடு. சிரிப்பார், ஆனால் கேட்பார். படகு நிதானமாகப் போனால் அவற்றுக்கு விருப்பமிருந்தால் தாமாகவே வந்து படகின் முனைக்கு முன்னால், படகு தள்ளும் நீரில் சறுக்கி விளையாடும். வராவிட்டால் விட்டுவிடு. உன் வீட்டுக்காரர் தண்ணீரில் குதிக்கப் பார்ப்பார், அவரைப் பிடித்துவை.

இன்னொன்று. இவ்வளவையும் ஒரே இடத்தில் கண்டதும் கடலில் இவற்றுக்கு என்ன குறை என்று தோன்றும். பெரும் கூட்டமாகத் திரியும் உயிரிடம் நம் கண் ஏமாறுவது அங்கேதான். இந்து சமுத்திரத்தில் சூரை மீனுக்கு விரிக்கும் செவுள்வலைகளில் 1950 முதல் 2018 வரை ஏறத்தாழ 41 இலட்சம் டொல்பின்களும் சிறு திமிங்கிலங்களும் சிக்கி மடிந்திருக்கும் என்று 2020 இல் வெளியான ஒரு மதிப்பீடு சொல்கிறது. வலை விரிப்பவனுக்கும் அதில் இலாபமில்லை, வலை கிழியும். ஆனாலும் பிள்ளைகளிடம் இதைப் படகில் வைத்துச் சொல்லாதே. வீட்டுக்கு வந்தபின் சொல்லலாம்.

வாந்தி மாத்திரையைப் புறப்பட அரை மணி நேரம் முன்னால் கொடு. உயிர்காப்பு அங்கி சின்னவனின் அளவில் இருக்கிறதா என்று முதல் நாளே கேட்டுவை; பெரியவர்களின் அங்கியை அவன்மேல் போர்த்திவிட்டு “எல்லாம் சரி” என்பார்கள். திரும்பும் வழியில் தலவில் அன்னம்மாள் கோயிலுக்குப் போக மாமியும் வருவாளாம். கருவாடு வாங்குவதையும் அவளிடமே விட்டுவிடு, உனக்குப் பேரம் பேச வராது. எனக்குத் தெரிந்த படகுச் சொந்தக்காரர் ஒருவரின் மகன் அங்கே படகு விடுகிறான். எஞ்சினை நிறுத்தத் தெரிந்த பையன். திகதி முடிவானதும் எழுது, அவனிடம் சொல்லிவைக்கிறேன்.

அன்புடன்,
மாமா