உன் ஓட்டும் என் ஓட்டும்

ரிங்லெட்,
கேமரன் மலை,
பகாங், மலேசியா

அன்புள்ள மணியம்,

இங்கே எல்லாரும் நலம். காஜாங்கில் பேரப்பிள்ளைகள் சுகம்தானே? ஒரு வாரமாக விடாத மழை. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான நம் கீழ்லயத்தில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன.

போன தடவை போனில், "தொகுதி எல்லையைத் திரும்பப் பிரிச்சா நமக்கென்ன?" என்று கேட்டாய். எனக்கு அது மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

1999 தேர்தல் ஞாபகம் இருக்கிறதா? அப்போது நாம் லிப்பிஸ் தொகுதி. அங்கே நேராகப் போகும் சுங்கை கோயான் சாலை கிடையாது. சொந்தத் தொகுதியின் ஊரான லிப்பிசுக்குப் போக, தாப்பாவுக்கு இறங்கி, பேராக், சிலாங்கூரைத் தாண்டிச் சுற்றிக்கொண்டு மறுபடி பகாங்குக்குள் நுழைய வேண்டும். லயத்துக் கூரை ஒழுகுகிறது என்று சொல்ல யார் அவ்வளவு தூரம் போவார்? 2003 எல்லைச் சீரமைப்பில்தான் தானா ராத்தா, ஜெலாய் சட்டமன்றத் தொகுதிகளைச் சேர்த்துக் கேமரன் மலையைத் தனி நாடாளுமன்றத் தொகுதி ஆக்கினார்கள். 2004ல் நம் தமிழர் தேவமணி வென்றார். 2019 இடைத்தேர்தலில் வென்ற ரம்லி முகமட் நோர், மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் ஒராங் அஸ்லி பூர்வகுடி. லிப்பிசோடு ஒட்டிக்கொண்டே இருந்திருந்தால் இதெல்லாம் நடந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

ஆனால் உன் பக்கத்தைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை. 2022ல் காஜாங் அடங்கிய உன் பாங்கி தொகுதியில் மூன்று லட்சத்துக்கும் மேல் வாக்காளர்கள். எங்களுடையதில் ஐம்பதாயிரம்கூட இல்லை. ஒரே லயத்தில் பிறந்த நம் இருவரில், என் ஒரு ஓட்டுக்கு உன்னுடையது ஆறு வேண்டும்! மலைக்காடு, தூரம் என்று எங்களுக்குக் கொஞ்சம் சலுகை தரச் சட்டத்தில் இடமுண்டு, அது நியாயம்தான். அதற்காக ஆறு மடங்கா? தோட்டத்தை விட்டுப் பிழைக்கப் போனவர்கள் பாதிப்பேர் உன்னைப் போலப் பட்டணத்துப் பெரிய தொகுதிகளில்தான் இருக்கிறார்கள். அங்கே புதுத் தொகுதி பிறக்கத்தான் வேண்டும். அதற்காக இந்த மலையைத் திரும்ப லிப்பிசில் கரைத்துவிடவும் கூடாது.

நாடாளுமன்றத்தின் மொத்த இடங்களைக் கூட்ட அரசியலமைப்பையே திருத்த வேண்டும், மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவை. 2018 சீரமைப்பில் அது நடக்கவில்லை, 222 இடங்கள் அப்படியே நின்றன. ஒரு சீரமைப்புக்கும் அடுத்ததற்கும் குறைந்தது எட்டு ஆண்டு இடைவெளி வேண்டும். 2018லிருந்து எண்ணினால் அந்தக் கணக்கு 2026 மார்ச் வரை.

அப்புறம், முக்கியமான விஷயம். தேர்தல் ஆணையம் தன் எல்லைத் திட்டத்தைப் பார்வைக்கு வைத்தால், ஆட்சேபிக்க ஒரு மாதம்தான். அந்தத் தொகுதியின் வாக்காளர் நூறு பேர் சேர்ந்து எழுதினால் விசாரணை நடத்தியே ஆக வேண்டும். போன தடவை நம் லயத்தில் ஒருத்தருக்கும் இது தெரியவில்லை. எனக்கும்தான். நூறு பேர், மணியம்! நம் மாரியம்மன் கோவில் திருவிழாவில் ஒரு பந்திக்கு உட்காருகிறவர்களே அதற்கு மேல் இருப்பார்கள்.

இங்கே நான் வீடு வீடாகப் பெயரும் ஐ.சி. (அடையாள அட்டை) எண்ணும் எழுதத் தொடங்கிவிட்டேன், அறுபது சேர்ந்தாயிற்று. காஜாங்கில் நீயும் தொடங்கு. உன் மருமகளுக்கு மலாயில் நன்றாக எழுத வருமே, கடித மாதிரி ஒன்று எழுதி எனக்கும் அனுப்பச் சொல்.

அன்புடன்,
முனியாண்டி