காலில் கட்டிய இரும்பு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. பேத்தியின் காதுகுத்து நல்லபடியாக முடிந்ததில் ரொம்ப சந்தோஷம். எனக்கு முழங்கால் ஆபரேஷன் முடிந்து மூன்று மாதமாகிறது. தெருமுனை வரை தடி இல்லாமல் போய் வருகிறேன்.

பிசியோதெரபிக்கு வரும் பெண் கணுக்காலில் ஒரு கிலோ மணல்பையைக் கட்டி, காலைத் தூக்கச் சொல்வாள். பத்துத் தடவைக்குள் மூச்சு வாங்கிவிடும். அதே ஒரு கிலோவைக் காய்கறிப் பையில் சுமந்தால் கனமே தெரிவதில்லை. அப்போதுதான் ஒன்பதாம் வகுப்பில் நாம் போட்ட சண்டை நினைவுக்கு வந்தது. இரும்புக் கவசம் போட்ட ஐரோப்பிய வீரன் விழுந்தால் எழுந்திருக்கவே முடியாது என்று நான் சாதித்தேன், எழுந்துவிடுவான் என்றாய் நீ. நீ சொன்னதுதான் சரி.

15ஆம் நூற்றாண்டில் போருக்குப் போட்ட கவசம் பெரும்பாலும் 20, 25 கிலோதான். உடம்பின் அளவுக்கே செய்து, உள்சட்டையோடும் வாரோடும் கட்டுவதால் பாரம் ஒரே இடத்தில் தொங்காது. பூசிக்கோ என்ற பிரெஞ்சுத் தளபதி, தலைக்கவசம் தவிர மற்ற எல்லாம் போட்டுக்கொண்டு குட்டிக்கரணம் அடிப்பாராம். அவர் உயிரோடிருந்தபோதே எழுதிய வரலாற்றில் இது இருக்கிறது.

ஆனால் நானும் முழுக்கத் தோற்கவில்லை மாப்பிள்ளே. 2011இல் லீட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கவசம் போட்டுப் பழகியவர்களையே டிரெட்மில்லில் ஏற்றிப் பார்த்தார்கள். அவர்கள் போட்டிருந்தவை பழைய கவசங்களைப் பார்த்துச் செய்தவை, கொஞ்சம் கனமானவை, 30 கிலோவுக்கு மேல். நடப்பதற்கே வழக்கத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல் சக்தி செலவானது. அதே எடையை முதுகில் சுமந்திருந்தால் இவ்வளவு ஆகாது. காலில் இருக்கும் இரும்பை ஒவ்வொரு அடிக்கும் தூக்கி வீச வேண்டுமே! என் மணல்பைக் கதைதான். மார்புத்தகடு வேறு ஆழமாக மூச்சிழுக்க விடாததால், எல்லாரும் சின்னச் சின்ன மூச்சாக வேகமாக விட்டார்கள்.

பிரான்சில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய அஜின்கோர்ட் போரை இப்போது நினைத்துப் பார். 1415 அக்டோபர் 25. முந்தின இரவெல்லாம் மழை, அப்போதுதான் உழுத வயல். பிரெஞ்சு வீரர்கள் அம்புக்குப் பயந்து முகமூடியை இறக்கி, தலையைக் குனிந்தபடி அந்தச் சேற்றில் நடந்தே வந்தார்கள். ஒவ்வொரு அடியிலும் இரும்போடு சேறும் ஏறியது. எதிரில் நின்ற ஆங்கிலப் பிரபுக்களும் கவசக்காரர்கள்தான், ஆனால் அவர்கள் நின்ற இடத்திலேயே காத்திருந்தார்கள். வில்லாளிகளோ லேசான உடையில் இருந்தார்கள். மூச்சு வாங்க வந்து சேர்ந்தவர்கள் ஒருவர் மேல் ஒருவராக விழுந்தார்கள். அந்தக் குட்டிக்கரணத் தளபதியும் அங்கேதான் பிடிபட்டார். ஊர் திரும்பாமலே 1421இல் இங்கிலாந்தில் சிறைக்கைதியாக இறந்தார். அதைப் படித்த இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

வரும் திங்கள் முதல் மணல்பை ஒன்றரைக் கிலோவாம். பொங்கலுக்குக் கட்டாயம் வா. உன் மூச்சிரைப்பு இப்போது எப்படி இருக்கிறது? அதைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை.

அன்புடன்,
உன் பெஞ்சுத் தோழன்